சரிவான வளவில் ஒரு பழைய வீடு: வன்னியில் தோட்டத்தை மறுபடி அமைக்க முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னி என்றால் சமதரை என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார்கள். குளத்தையோ வயலையோ நோக்கி இறங்கும் காணியில் குடியிருப்பவருக்கு அது அப்படி இல்லை என்று தெரியும். நடக்கும்போது காலுக்குத் தெரியாத சரிவு, ஐப்பசி மழை விழுந்து பத்தே நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் வளவு அரை ஏக்கர். மேற்கே உயரம், கிழக்கே வயல் வாய்க்கால். நடுவில் அப்பப்பா கட்டிய ஓட்டு வீடு: கல்லும் சுண்ணாம்பும் வைத்த தடித்த சுவர், உள்ளே சிறிய முற்றம், முன்னால் நீண்ட விறாந்தை. போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது ஓட்டில் பாதி இல்லை, வளவு முழுக்கப் பற்றை. ஆனால் சுவர் நின்றது. அந்தச் சுவரைக் காப்பாற்றத் தொடங்கிய வேலை, படிப்படியாக வளவு முழுவதையும் மாற்றி அமைப்பதில் வந்து நின்றது.

அதில் நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: இப்படிப்பட்ட வளவில் முதலில் தண்ணீருக்கு வழி செய்யுங்கள், மரமும் பூவும் அதற்குப் பிறகு. சுவரைக் கரைப்பதும் தண்ணீர், மேல்மண்ணை அள்ளிப்போவதும் தண்ணீர், வைகாசியில் இல்லாமல் போவதும் அதே தண்ணீர். அதை வீட்டில் இருந்து விலக்க வேண்டும், தோட்டத்தில் தங்க வைக்கவும் வேண்டும். இதற்கு நாங்கள் புதிதாக எதையும் படிக்கத் தேவையில்லை. கட்டு, வாய்க்கால், வான் (மிச்சத் தண்ணீர் வழியும் இடம்), துருசு (தண்ணீரைத் திறந்துவிடும் மதகு) என்று சின்ன வயதிலிருந்து புழங்கும் சொற்களே போதும். குளத்துக்குக் குளம் தண்ணீர் இறங்கிப்போகிற ஊர் இது. அதையே அரை ஏக்கருக்குள் செய்யப்போகிறோம்.

மண்ணில் மண்வெட்டி வைக்குமுன்

இந்த மண்ணில் இது முதல் வேலை. காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதுதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். விடுவிக்கப்பட்ட காணியிலும் மேற்பரப்பைத்தான் கிளறியிருப்பார்கள், நீங்களோ ஆழமாகத் தோண்டப்போகிறீர்கள். துருப்பிடித்த உலோகம், அடையாளம் தெரியாத பிளாஸ்டிக் பொருள் எதையாவது கண்டால் தொடவும் வேண்டாம், தள்ளி வைக்கவும் வேண்டாம். வந்த வழியே திரும்பி நடந்து, மற்றவர்களையும் அந்தப் பக்கம் போகவிடாமல் தடுத்து, பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். கூலிக்கு வருபவருக்கும் பிள்ளைகளுக்கும் இதை வேலை தொடங்கும் நாளிலேயே சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, பழமை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைப் பாதுகாக்கிறது. எங்கள் பழைய வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. ஆனாலும் பழைய குளங்களை அண்டிய காணிகளில் பெரிய செங்கல், கறுப்பும் சிவப்புமான மட்பாண்டத் துண்டு, மணி போன்றவை வரலாம். வந்தால் அந்த இடத்தில் வேலையை நிறுத்தித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மூன்றாவது, மரம். பலா, ஈரப்பலா, பெண் பனை இவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாரி முழுக்கப் பாருங்கள்

எல்லோருக்கும் அவசரம். எனக்கும் இருந்தது. அம்மாதான் நிறுத்தினார். "தம்பி, முதல்ல தண்ணி எங்க போகுதெண்டு பார். பிறகு வெட்டு" என்றார்.

அவர் சொன்னபடி ஒரு மழைக்காலம் குடையோடு வளவில் நடந்தேன். ஒரு கொப்பித்தாளில் வீடு, கிணறு, மலசலகூடக் குழி, பெரிய மரங்கள், படலை எல்லாவற்றையும் வரைந்து, ஒவ்வொரு பெரிய மழைக்கும் தண்ணீர் ஓடிய பாதையை அம்புக்குறியால் போட்டேன். எங்கே தேங்குகிறது, எங்கே மண் அரிக்கிறது, எந்தச் சுவரில் சேறு தெறிக்கிறது, அயல்காணியில் இருந்து என்ன வருகிறது. மார்கழி முடியும்போது அந்தத் தாளைப் பார்த்தால் வேலையில் பாதி தானாகவே புரிந்துவிட்டது. பின்பக்கம் வந்த தண்ணீர் முழுவதும் குசினிச் சுவரில் முட்டி, இரண்டாகப் பிரிந்து வீட்டைச் சுற்றிப் போயிருந்தது.

தொகையையும் மனதில் வைத்திருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 1000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 9000 லீற்றருக்கு மேல். அரை ஏக்கரில் அதே மழை இரண்டு இலட்சம் லீற்றர். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். சாதாரண மழைக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதாது.

சரிவை அளப்பது

மேசன்மார் மட்டம் பிடிக்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ரியூப் 50 அடி வாங்குங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு கம்புகளில் இரண்டு முனையையும் பிடித்தால் தண்ணீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு கம்பிலும் நிலத்திலிருந்து தண்ணீர் நிற்கும் உயரத்தை அளந்து கழித்தால், அந்த இரண்டு இடத்துக்கும் இடையிலான இறக்கம் வரும். எங்கள் வளவில் 180 அடி நீளத்துக்கு 9 அடி இறக்கம், அதாவது நூற்றுக்கு ஐந்து. வீட்டுக்கு மேலே 40 அடி, வீடு நிற்கும் பகுதி 60 அடி, வீட்டுக்குக் கீழே 80 அடி.

கட்டு போடும் கோட்டைக் குறிக்க வேறொரு கருவி. இரண்டு ஏழடிக் கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியில் இருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். சமதரையில் நூல் தொடும் இடத்தைக் குறுக்குக் கம்பில் குறித்துக்கொண்டால், பிறகு நூல் அந்தக் குறியில் நிற்கும்படி கால் மாற்றிக் கால் வைத்து நடந்து முளை அடிக்கலாம். அந்த முளைகள் எல்லாம் ஒரே மட்டம். கோடு நேராக வராது, வளைந்து போகும். வளைவோடே கட்டுங்கள். நேராக்கினால் ஒரு மூலையில் தண்ணீர் சேர்ந்து உடைக்கும்.

வீட்டின் முதுகு

இனி முக்கியமான இடம். சரிவான வளவில் பழைய வீட்டுக்கு வருத்தம் வருவது பின்பக்கச் சுவரில்தான். மேலே இருந்து மழையோடு வந்த மண் வருடக்கணக்காகச் சுவரடியில் படிந்து, நிலம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துவிடும். வீட்டின் உள்தரையை விட வெளிநிலம் உயர்ந்தால் சுவர் ஈரம் குடிக்கும்.

இதில் நாங்கள் ஒரு பெரிய பிழை செய்தோம். ஒரு மேசன் சொன்னார் என்று பின்சுவரில் மூன்றடி உயரத்துக்குச் சீமெந்து பூசி, அடியில் இரண்டடி அகலத்துக்குச் சீமெந்துத் தளமும் போட்டோம். இரண்டாவது மாரியில் ஈரக்கோடு சீமெந்துக்கு மேலே ஏறி நாலரை அடியில் நின்றது. ஒரு நாள் கையால் தட்டிப் பார்த்தேன், உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டது. அலவாங்கு நுனியை வைத்து நெம்பியதும் ஒரு பாய் அளவு துண்டு அப்படியே கழன்று வந்தது. அதன் பின்பக்கத்தில் எங்கள் சுவரின் சுண்ணாம்பு ஒரு விரல் தடிப்புக்கு ஒட்டிக்கொண்டு இருந்தது. ஈரமாக, மாவாக, உப்புப் பூத்து. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர். சீமெந்து அந்த வாயை அடைத்துவிடுகிறது, ஈரம் மேலே ஏறுகிறது, உப்பு உள்ளே இருந்து சுவரைத் தின்கிறது.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன். சீமெந்தை உடைத்து அகற்றி, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமையாக விட்டோம். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசினோம். மண்ணை அகற்றுவதற்கு முன் சுவரடியில் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டி, அத்திவாரம் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்துக்கொண்டோம். பழைய அத்திவாரங்கள் ஆழமில்லை. அதன் அடிமட்டத்துக்குக் கீழே சுவரை ஒட்டி ஒருபோதும் தோண்டக்கூடாது. ஆறடி ஆறடியாக, கைமண்வெட்டியால், உள்தரையை விட எட்டு அங்குலம் கீழே வரும்வரை வெட்டினோம். பெக்கோ இயந்திரத்தைச் சுவருக்குக் கிட்ட விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

வெட்டும்போது பதினான்கு அங்குலம் மண்ணுக்கு அடியில், கூரைத் தண்ணீர் விழும் கோட்டில், உள்ளங்கை அகலத்தில் தட்டையான கற்கள் வரிசையாக வந்தன. ஒன்றுக்கொன்று இடுக்கில்லாமல், மெல்லிய சரிவோடு தெற்கு மூலைக்குப் போயின. அப்பப்பாவின் ஆட்கள் போட்ட வாய்க்கால். எண்பது வருடமாக அங்கேயே கிடந்திருக்கிறது. நாங்கள் புதிதாக எதுவும் போடவில்லை, அதைக் கழுவித் துப்புரவாக்கி, அசைந்த கற்களைத் திருப்பி வைத்தோம், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தோண்டும்போது அவசரப்படாதீர்கள்.

அப்படி எதுவும் இல்லாவிட்டால், கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குச் சல்லிக்கல் பரப்பி, வெளிப்பக்கம் சரிவாக விடுங்கள். சேறு சுவரில் தெறிக்காது. உள்முற்றம் உள்ள வீடு என்றால் முற்றத்துத் தூம்பைக் கட்டாயம் பாருங்கள். வீட்டுக்கு அடியால் போகும் அந்தக் குழாய் வேரால் அடைபட்டிருந்தால் முற்றத்து மழை முழுவதும் அத்திவாரத்துக்குத்தான் போகும். சுவர் வெடிப்பில் முளைத்த ஆல், அரசு சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். பெரிதாகிவிட்டால் இழுக்க வேண்டாம், சுவரும் சேர்ந்து வரும். வெட்டி, அடிக்கட்டையைத் துளிர்க்கத் துளிர்க்க அழித்துக் காயவிட வேண்டும். சுவரை ஒட்டி இரண்டடிக்குள் சருகோ குப்பையோ போடாதீர்கள், கறையானுக்கு வழி.

மறிவாய்க்கால்

வீட்டுக்கு மேலே, பின்சுவரில் இருந்து 15 அடி தள்ளி, மேலே இருந்து வரும் தண்ணீரை மறிக்கச் சரிவுக்குக் குறுக்காக ஒரு வாய்க்கால். ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழம், 100 அடிக்கு 6 அங்குலம் இறக்கம். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கட்டாகப் போட்டு, அதன் மேல் வெட்டிவேர் நடுங்கள். இறக்கம் கூடினால் வாய்க்கால் தன்னைத்தானே அரிக்கும், குறைந்தால் மண் படிந்து மூடும். முடிவில் தண்ணீர் வீட்டின் பக்கத்தால் இறங்கித் தோட்டத்துக்கு வர வேண்டும், இறங்கும் இடத்தில் கல் பதியுங்கள். அயலவரின் காணிக்குத் திருப்பிவிட வேண்டாம். வேலிச் சண்டைக்கு அதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

கட்டும் தட்டும் வானும்

வீட்டுக்குக் கீழே 80 அடியில் 4 அடி இறக்கம். அதை 16 அங்குலம் உயரமான மூன்று கட்டாகப் பிரித்தோம். இடையில் ஒவ்வொரு தட்டும் 25 அடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டடிக்குள் இருக்கும் கட்டை நல்ல மேசன் சாந்து இல்லாமலே அடுக்குவார். மூன்றடியைத் தாண்டினால் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள்.

முதலில் மேல்மண் ஆறு அங்குலத்தை வழித்து ஒரு பக்கம் குவித்து வையுங்கள். வன்னிச் செம்மண்ணில் உயிர் இருப்பது அந்த ஆறு அங்குலத்தில்தான், இதைச் செய்யாமல் வாரிக் கொட்டிய வளவுகளில் மூன்று வருடமாகியும் புல்லே சரியாக முளைக்காததைப் பார்த்திருக்கிறேன். பிறகு தட்டின் மேல்பாதியில் வெட்டி, கீழ்பாதியில் நிரப்புங்கள். எட்டு அங்குலத்துக்கு மேல் வெட்டவோ நிரப்பவோ வராது. நிரப்பும் மண்ணை நாலு அங்குலமாகப் போட்டுப் போட்டு இடித்து, கடைசியில் மேல்மண்ணைத் திருப்பிப் பரப்ப வேண்டும்.

இந்த மண் கோடையில் பாறை, மாரியில் பசை. ஆவணியில் வெட்டப்போனால் பிக்கானே திரும்பி அடிக்கும். முதல் மழை விழுந்து நாலைந்து நாள் கழித்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். பிடித்தால் உருள வேண்டும், தட்டினால் உடைய வேண்டும். அந்த ஈரத்தில் வேலையைத் தொடங்குங்கள். அதற்குள் கல்லும் ஆட்களும் தயாராக இருக்க வேண்டும்.

கற்கட்டுக்கு ஒன்பது அங்குலம் ஆழத்தில் கிடங்கு வெட்டி, ஆகப் பெரிய கற்களை அடியில் வையுங்கள். அடி அகலம் ஒரு அடிக்குக் குறையக்கூடாது. மேலே போகப் போகக் கட்டு மேட்டுப்பக்கம் சற்றுச் சாய வேண்டும், ஆறு அங்குலம் உயர ஒரு அங்குலம் சாய்ந்தால் போதும். ஒரு கல் இரண்டு கல்லின் மேல் இருக்க வேண்டும், இடுக்குக்கு மேல் இடுக்கு வரக்கூடாது. முதுகுப்பக்கம் சல்லிக்கல் நிரப்புங்கள், தண்ணீர் கற்களுக்கு இடையால் கசிந்து போகட்டும். சீமெந்து வைத்து இறுக்கினால் பின்னால் தேங்கும் தண்ணீரின் பாரமே கட்டைத் தள்ளிவிடும். வவுனியாப் பக்கம் கருங்கல் கிடைக்கும். மற்ற இடங்களில் ஏற்றுக்கூலி கூடுதல் என்றால் மண்கட்டுப் போட்டு, ஐந்து அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டிவேர் நட்டால் போதும். அது ஐந்தாறு வருடத்தில் தானே ஒரு கட்டாகிவிடும்.

இப்போது வான். ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஆறு அங்குல மண்வரம்பு விட்டு, ஓரிடத்தில் மூன்றடி அகலத்துக்கு மட்டும் நாலு அங்குலம் தாழ்த்திக் கல் பதியுங்கள். தட்டில் தண்ணீர் இரண்டு அங்குலம் நின்று ஊறிய பிறகு மிச்சம் அந்த வானால் வழியும். வழிந்து விழும் இடத்திலும் தட்டைக் கல் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மழையில் கிடங்கு விழும். முதல் வான் வடக்கே என்றால் அடுத்தது தெற்கே, மூன்றாவது திரும்ப வடக்கே. இப்படித் தண்ணீர் வளவு முழுக்க நடந்து இறங்கும்.

கடைசியில் 10 அடி நீளம், 8 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு குட்டை. கிட்டத்தட்ட 4500 லீற்றர் கொள்ளும். மழை விட்டு மூன்று நாளில் வற்ற வேண்டும், வற்றாவிட்டால் மீன் விடுங்கள், டெங்கு பயம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்கு வேலி கட்டாயம். கிணற்றுக்கட்டு தட்டின் மட்டத்தை விட உயர்ந்து நிற்கிறதா என்றும், மலசலகூடக் குழி 50 அடிக்காவது தள்ளி, கிணற்றுக்கு நேர் மேட்டில் இல்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய மாமரம் ஒன்று தட்டின் நடுவில் வந்தால் தட்டை வளைத்துக்கொண்டு போங்கள். அதன் நிழல் விழும் அளவுக்குள் மண்ணை வெட்டினாலும் நிரப்பினாலும் மரம் பட்டுப்போகும்.

பாதை

படலையில் இருந்து தலைவாசலுக்கு ஒரே நேர்ப்பாதை. அது பழைய வீட்டின் முகம், அதை வளைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கட்டுக்கும் மூன்று படி, படி உயரம் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று மேல், கால் வைக்கும் அகலம் 14 அங்குலம். பக்கத்தில் சரிவுப்பாதையும் போடுங்கள். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்று கணக்கு வைத்தால் 16 அங்குலக் கட்டுக்கு 16 அடி. எங்கள் ஊர்களில் சக்கர நாற்காலியில் வரும் உறவினர், செயற்கைக்காலோடு வரும் சிநேகிதர் இல்லாத வீடு குறைவு. அவர்கள் கிணற்றடிவரை, மாமர நிழல்வரை யாருடைய கையையும் பிடிக்காமல் வரக்கூடியதாக இருக்க வேண்டும். இதைப் பிறகு செய்யலாம் என்று தள்ளினால் செய்யவே மாட்டோம்.

எங்கே எதை நடுவது

மேலே போனால் காய்ச்சல் நிலம், கீழே வந்தால் ஈரம். இதை மட்டும் மறக்காவிட்டால் போதும். வீட்டுக்கு மேலே வேம்பு, விளாத்தி, அன்னமுன்னா, மாதுளை. சோளகக் காற்று வரும் தென்மேற்கில் வேம்பும் பூவரசும் நெருக்கமாக நின்றால் கோடையில் தோட்டம் இவ்வளவு காயாது. வீட்டைச் சுற்றிச் செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, குசினி வாசலில் கறிவேப்பிலை. மா, பலா போன்ற பெரிய மரம் எதுவானாலும் சுவரில் இருந்து 30 அடி தள்ளி. முதல் தட்டில் தேசி, கொய்யா, முருங்கை. இரண்டாவதில் மாவில் கறுத்தக்கொழும்பான் ஒன்று, அம்பலவி ஒன்று, அவற்றுக்கிடையே மரக்கறிப் பாத்தி. கீழ்த்தட்டில் 25 அடி இடைவெளியில் தென்னை, வாழை, குட்டைக் கரையில் வல்லாரையும் பொன்னாங்காணியும். நிரப்பிய மண்ணில் ஒரு மாரி இறங்கி அமர்ந்த பிறகே மரம் வையுங்கள், அதுவரை பயறும் உழுந்தும் போடலாம்.

தென்னைக்கும் மாவுக்கும் மூன்றடிக் குழி. தென்னங்குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை நார்ப்பக்கம் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்குங்கள், மாரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கன்றுக்குப் பக்கத்தில் கழுத்துவரை ஒரு மண்பானை புதைத்து, நிரப்பி, மூடி விடுங்கள். பானை கசிந்து கசிந்து வேருக்குக் கொடுக்கும், மேலே ஊற்றும் தண்ணீரில் பாதி வெயிலுக்குப் போவது மிச்சம்.

வேலிக்குக் கிளுவை, சீமைக்கிளுவை. கட்டாக்காலி மாடு ஒரே இரவில் ஒரு வருட உழைப்பை மேய்ந்துவிடும், ஆகையால் வேலி முதலில், கன்று பிறகு. காட்டோரக் காணி என்றால் யானையை நினைத்து நடுங்கள். வாழையும் இளந்தென்னையும் அதைக் கூப்பிடும், வேலியோரம் வைக்காதீர்கள். தேசியும் தோடையும் அதற்கு அவ்வளவு பிடிக்காது, அவற்றை ஓரத்துக்கு வையுங்கள். கார்த்திகையில் வேலியில் ஏறிப் பூக்கும் காந்தளை நாங்கள் வெட்டவில்லை. ஆனால் அதன் கிழங்கு நஞ்சு, பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

முதல் மூன்று வருடம்

கட்டு இறங்கும், கல் அசையும், எங்காவது ஓரிடத்தில் உடைக்கும். முதல் மாரியில் எங்கள் இரண்டாவது வான் ஒரு பக்கம் தோண்டிக்கொண்டு போனது, மூன்றடியை நாலடியாக அகட்டிய பிறகுதான் நின்றது. பெரிய மழை விட்டவுடன் மண்வெட்டியோடு ஒரு சுற்று நடந்து, சின்ன அரிப்பை அன்றே மூடிவிடுங்கள். தை, மாசியில் வெட்டிவேரை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மரத்தடிகளில் பரப்புங்கள். சித்திரையில் பின்சுவரில் கை வைத்துப் பாருங்கள், காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் தூம்பையும் மறிவாய்க்காலையும் திரும்பத் தேடுங்கள்.

புரட்டாதி பிறந்ததும் மறிவாய்க்காலில் படிந்த மண்ணை வழித்து, மூன்று வானிலும் விழுந்த சருகை அள்ளுங்கள். மண் தட்டுக்கு, சருகு வாழை அடிக்கு.